மகளின் குரலுக்கு முன்பணம் கேட்கும் முகவர்: கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு 25 வயது. ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்தவள். இசைக் கல்லூரியில் ஓப்பராப் பாடலில் முதுநிலைப் படிப்பை முடிக்கப் போகிறாள்; சொப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்வகை) குரல். இணையத்தில் அவளுடைய காணொளியைப் பார்த்ததாகச் சொல்லி ஒரு முகவர் நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. 2,400 யூரோ கட்டினால் பதிவு, புகைப்படம், ஆறு அரங்கங்களில் குரல் தேர்வு, கோடையில் இத்தாலியில் ஒரு முழு வேடம் ஆகியவை கிடைக்கும் என்றும், அதன் பிறகு நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் என்றும் எழுதியிருக்கிறார்கள். நம்முடைய பெயர்களோடு தனியாக விண்ணப்பித்தால் எந்த அரங்கமும் திரும்பிப் பார்க்காதாம். பத்து நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டுமாம். இடம் பிடித்து வைக்க 200 யூரோவை மகள் நான்கு நாட்களுக்கு முன் அனுப்பிவிட்டாள். மீதியைக் கட்டலாமா? (ஸ்டுட்கார்ட் அருகே வசிக்கும் ஒரு தந்தை)

பதில்: கட்ட வேண்டாம். பத்து நாள் கெடு ஒன்றே இந்த முடிவுக்குப் போதுமானது. ஆனால் உங்கள் மகளுக்கு இனியும் பல ஆண்டுகள் இத்தகைய மின்னஞ்சல்கள் வந்துகொண்டே இருக்கும் என்பதால் காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஜெர்மனியின் சமூகச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் நூல் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. வேலை தேடித் தரும் முகவர், வேலை தேடுபவரிடம் முன்பணம் கேட்கக் கூடாது. அவராகவே கொடுத்தாலும் வாங்கக் கூடாது. முகவரின் முயற்சியால் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் கமிஷன் என்ற பேச்சே எழ வேண்டும். கலைஞர்களிடம் வாங்கக்கூடிய கமிஷனுக்கும் 2002ஆம் ஆண்டின் ஆணை ஒன்று உச்சவரம்பு வைத்திருக்கிறது: விற்பனை வரியையும் சேர்த்து, சம்பளத்தில் 14 விழுக்காடு. இதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். பொது நிதியில் இயங்கும் அரங்கங்களில் தனிப்பாடகர்களுக்கான கூட்டு ஒப்பந்தப்படி, 2023 ஜனவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2,715 யூரோ; பின்னர் அது மேலும் உயர்ந்தது. அந்தப் பழைய தொகையை வைத்துக்கொண்டாலும் முகவரின் பங்கு மாதத்துக்கு ஏறத்தாழ 380 யூரோ ஆகிறது. பாடகருக்கு வேலை கிடைத்தால்தான் தனக்கு வருமானம் என்ற நிலையில் இருக்கும் முகவர், அந்த வேலைக்காக ஓடுவார். 2,400 யூரோவை முதலிலேயே எண்ணி வாங்கிக்கொண்டவர் எதற்காக ஓட வேண்டும்?

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய சொல் 'புகைப்படம்'. சட்டம் தெரிந்த மோசடிக்காரர்கள் தாம் வாங்கும் பணத்தை ஒருபோதும் முகவர் கட்டணம் என்று எழுத மாட்டார்கள். புகைப்படச் செலவு, காணொளித் தயாரிப்பு, இணையப் பக்கம், தொழில் ஆலோசனை, குரல் தேர்வுப் பயணத் தொகுப்பு என்று ஏதாவது ஒரு பெயரைச் சூட்டிவிட்டு, 'நாங்கள் வேலைக்காகப் பணம் வாங்கவில்லையே' என்பார்கள். பெயர் எதுவாக இருந்தாலும், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் அதே ஆள் அந்த வேலைக்கு முன் உங்களிடம் பணம் கேட்டால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். புகைப்படம் தேவைதான், அதை உங்கள் ஊரில் நல்ல புகைப்படக்காரர் ஒருவரிடம் எடுத்துக்கொள்ளலாம்.

'ஆறு அரங்கங்களில் குரல் தேர்வு' என்பதும் ஏமாற்றே. அரங்கங்கள் குரல் தேர்வை விற்பதில்லை. யாருடைய பாடலைக் கேட்பது என்று முடிவு செய்வது அரங்கம். பியானோக் கலைஞரை ஏற்பாடு செய்வதும் பெரும்பாலும் அரங்கமே. ஓர் ஓப்பரா அரங்கத்தின் நிகழ்ச்சித் திட்ட அலுவலகத்தில் நான் பல ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். நல்ல முகவர்கள் தொலைபேசியில் அழைத்து, 'நீங்கள் தேடும் பமினா வேடத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள், போன வாரம் நேரில் கேட்டேன், மேல் ஸ்தாயி தளர்வாக இருக்கிறது, ஜெர்மன் வசனமும் நன்றாகப் பேசுகிறாள்' என்று இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். நாங்கள் தேதி கொடுப்போம். பணம் வாங்கும் நிறுவனங்களிடமிருந்தோ இருபது, முப்பது பேரின் காணொளிகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே மின்னஞ்சல் வரும். அதைத் திறந்து பார்க்க எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. அந்தப் பட்டியலில் நல்ல குரல்களும் இருந்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

14 விழுக்காடு என்ற வரம்புக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இது தெரியாமல் இளம் பாடகர்கள் நேர்மையான முகவர்களோடும் சண்டையிட்டு உறவைக் கெடுத்துக்கொள்வதால், இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஏழு நாட்கள் வரையிலான வேலைக்கு முகவர் 18 விழுக்காடு வரை பேசிக்கொள்ளலாம். பெரும்பாலும் இது மாற்றுப் பாடகராகப் போகும் சந்தர்ப்பங்களில் வரும். காலை ஒன்பது மணிக்கு ஓர் அரங்கத்தில் சொப்ரானோ பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று தெரிகிறது. மாலை ஏழரைக்குத் திரை எழ வேண்டும். அந்த வேடத்தை மனப்பாடமாகப் பாடக்கூடியவர், அன்று ஓய்வாக இருப்பவர், ரயிலில் நேரத்துக்கு வந்து சேரக்கூடியவர் யார் என்று அலுவலகம் முகவர்களை அழைக்கிறது. வந்து இறங்கும் பாடகிக்கு உதவி இயக்குநர் பிற்பகலில் மேடை நடமாட்டத்தைக் காட்டித் தருவார். அதற்கும் நேரமில்லையென்றால் பாடகி மேடை ஓரத்தில் நின்று பாட, வேறொருவர் நடிப்பார். அன்றைய ஊதியம் 1,000 யூரோ என்றால் முகவர் 140க்குப் பதிலாக 180 கேட்கலாம். ஒரே நாள் வேலைக்காக அவர் காலையில் பத்துப் பேரை அழைத்திருப்பார் என்பதால் அது நியாயமான தொகைதான். ஆனால் ஆறு வாரம் ஒத்திகையும் எட்டுக் காட்சிகளும் உள்ள விருந்துக் கலைஞர் ஒப்பந்தம் இந்த விதிவிலக்கில் வராது. 'காட்சிகள் தனித்தனி நாட்கள்தானே' என்று சொல்லி அதற்கும் 18 போடப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். அதற்காக அழைப்பையே வேண்டாம் என்று சொல்லிவிடவும் கூடாது. 1955இல் ஸ்டுட்கார்ட் அரங்கத்தில் இளைஞராகச் சேர்ந்த டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்வகை) பாடகர் ஃபிரிட்ஸ் வுண்டர்லிஷ், அங்கிருந்த மூத்த டெனர் ஜோசஃப் டிராக்செல்லுக்குப் பதிலாக மொசார்ட்டின் தமினோ வேடத்தைப் பாடியபோதுதான் ஊர் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1963இல் லண்டன் கோவென்ட் கார்டனில் ஜுசெப்பே டி ஸ்டெஃபனோ விலகிய இடத்தில் 'லா போஎம்' ஓப்பராவின் ரொடோல்ஃபோ வேடத்தைப் பாடியவர் பவரொட்டி.

அடுத்து, 'நிரந்தர வேலைக்கு உத்தரவாதம்'. ஜெர்மன் அரங்கங்களில் 'ஃபெஸ்ட்' என்று சொல்லப்படும் குழு ஒப்பந்தத்தைத்தான் அந்த முகவர் இப்படி மொழிபெயர்க்கிறார் என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டு நம் பெற்றோர் அரசு உத்தியோகம் போல எண்ணிக்கொள்கிறார்கள். ஃபெஸ்ட் ஒப்பந்தம் ஓர் அரங்கப் பருவத்துக்கோ இரண்டு பருவங்களுக்கோ செய்யப்படுகிறது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் தானாக ஓராண்டு நீளும். நீட்டிக்க விருப்பமில்லை என்று அரங்கம் அக்டோபர் 31க்குள் எழுத்தில் தெரிவித்துவிட்டால், அந்தப் பருவத்தின் முடிவோடு வேலை முடிந்துவிடும். அரங்கத்தின் தலைமை மாறும்போது, நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கூட்டமாக இந்தக் கடிதத்தைப் பெறுவார்கள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் தபால்பெட்டியைப் பார்த்துப் பயப்படும் ஒரு வாழ்க்கையை 'நிரந்தரம்' என்று விற்பவர், ஒன்று தொழில் தெரியாதவர், அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறவர். மகளுக்கு ஃபெஸ்ட் ஒப்பந்தம் கிடைத்தால் மகிழ்ச்சியோடு கையெழுத்திடட்டும்; மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஒரே ஆண்டில் ஐந்தாறு வேடங்கள் என்று ஓர் இளம் குரலுக்கு அதைவிட நல்ல பள்ளி இல்லை. உலகப் புகழ் பெற்ற சொப்ரானோ டயானா டாம்ராவ் 1995இல் வூர்ட்ஸ்புர்க்கிலும் டெனர் யோனாஸ் காஃப்மன் 1994இல் சார்புரூக்கனிலும் அப்படித்தான் தொடங்கினார்கள்.

இத்தாலிய வேடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாடுபவரே பணம் கட்டிப் பாடும் கோடைத் திட்டம் அது. வேடங்கள் தகுதி பார்த்துத் தரப்படுகின்றன என்று சொன்னாலும், கட்டணம் கட்டியவர்களுக்குள்தான் அந்தத் தகுதி பார்க்கப்படும். சூரிக், மியூனிக், ஃபிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க் போன்ற பெரிய அரங்கங்கள் தம்முடன் ஓப்பரா ஸ்டூடியோ என்ற இளம் பாடகர் பயிற்சிப் பிரிவு ஒன்றை நடத்துகின்றன. அங்கே தேர்வானவர்களுக்கு அரங்கம்தான் பணம் தரும். வயது வரம்பு பெரும்பாலும் முப்பதையொட்டி இருக்கும் என்பதால், 25 வயதில் மகள் செலவிட வேண்டிய நேரமும் உழைப்பும் அந்த விண்ணப்பங்களுக்கே உரியவை.

பெயரைப் பற்றி அந்த முகவர் சொன்னதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மனத்தில் ஏற்கெனவே இருக்கக்கூடிய ஓர் அச்சத்தைக் கண்டுபிடித்து, அதற்கு விலை போட்டிருக்கிறார். இலங்கை வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க டெனர் ஷான் பணிக்கர், தம் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்ளாமலே சான் ஃபிரான்சிஸ்கோ ஓப்பராவின் இளம் கலைஞர் திட்டத்தில் பயின்று, 2018இல் சால்ஸ்புர்க் விழாவில் முதன்மை வேடம் பாடினார். பாரபட்சமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. அது இருக்குமிடத்தில் 2,400 யூரோவால் அது நீங்காது என்றுதான் சொல்கிறேன்.

இனி மகள் செய்ய வேண்டியது. ஜெர்மனியின் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமை, மேடைக் கலைஞர்களுக்கென்றே ஒரு பிரிவை நடத்துகிறது. பாடகர்கள் அதை 'ட்செட்-ஆ-ஃபௌ' (ZAV) என்று சுருக்கிச் சொல்வார்கள். பெர்லின், ஹாம்பர்க், கொலோன், லைப்சிக், மியூனிக் முதலிய நகரங்களில் அதற்கு அலுவலகங்கள் உண்டு. பாடகரிடம் அது ஒரு காசும் வாங்குவதில்லை, கமிஷனும் கிடையாது. அங்கே இருப்பவர்கள் தொழில் தெரிந்தவர்கள். படிப்பை முடிக்கும் மாணவர்களின் பாடலைக் கேட்க இசைக் கல்லூரிகளுக்கே வருவதும் உண்டு. எல்லோரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்; நேரில் பாடவைத்துத்தான் முடிவு செய்வார்கள். அந்தத் தேர்வுக்கு ஐந்து ஆரியாக்கள் (ஓப்பராவில் வரும் தனிப்பாடல்கள்) தயாராக இருக்க வேண்டும். ஜெர்மன், இத்தாலியம், பிரெஞ்சு ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும், மொசார்ட் கட்டாயம். மகளின் குரல் இன்று எந்த வேடங்களைத் தாங்குமோ அவற்றை மட்டும் பாடட்டும். லிரிக் சொப்ரானோவாக, அதாவது மென்மையான குரலோடு, இருந்துகொண்டு கனத்த குரல் கேட்கும் டோஸ்கா வேடத்தைப் பாடினால், கேட்பவர் வியப்பதற்குப் பதிலாக ஆசிரியரைக் குறை சொல்வார்.

இந்த அலுவலகத்தைப் பற்றிப் பட்டம் வாங்கும் நாள் வரை அறியாத மாணவர்களை நான் தொடர்ந்து சந்திக்கிறேன். ஐந்தாறு ஆண்டுகள் மூச்சையும் இத்தாலிய உச்சரிப்பையும் மணிக்கணக்காகத் திருத்தும் கல்லூரிகள், ஒப்பந்தத்தைப் படிக்கக் கற்றுத் தர ஒரு பிற்பகலைக்கூட ஒதுக்காமல் மாணவர்களை வெளியே அனுப்புகின்றன. அரங்கங்களோ விண்ணப்பங்களுக்கு 'வேண்டாம்' என்றுகூடப் பதில் எழுதுவதில்லை. இந்த மௌனத்தில்தான் இந்த இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். உங்கள் மகள் 200 யூரோ அனுப்பியதற்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுதிய நாற்பது கடிதங்களுக்கும் பதில் வராதபோது, அன்பாகப் பதில் எழுதும் முதல் ஆளை எவரும் நம்புவார்கள்.

தனியார் முகவரே வேண்டாம் என்பது என் கருத்தல்ல. வேலை வரத் தொடங்கிய பிறகு நல்ல முகவர் பெரிய துணை. மகளின் பாடலை நேரில் கேட்காமல் அவரைச் சேர்த்துக்கொள்பவர் முகவர் அல்லர். உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். வேறெந்த முகவரிடமும் போகக் கூடாது என்று வேலை தேடுபவரைக் கட்டிப்போடும் நிபந்தனை ஜெர்மன் சட்டத்தில் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். எந்தத் தாளில் கையெழுத்திடும் முன்பும் மேடைக் கலைஞர்களின் தொழிற்சங்கத்தில் காட்டுங்கள். 1871இல் வைமார் நகரில் தொடங்கிய கே.டே.பே.ஆ. (GDBA) சங்கம் உறுப்பினர்களுக்குச் சட்ட ஆலோசனை தருகிறது.

அனுப்பிவிட்ட 200 யூரோவைத்தான் இன்று கவனிக்க வேண்டும். இணையம் வழியாகச் செய்த நுகர்வோர் ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். நான்கு நாட்கள் ஏற்கெனவே போய்விட்டன. மகளின் பெயரில், மகளின் கையெழுத்தோடு, 'ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன். வேலை தேடித் தருவதற்காக வாங்கிய முன்பணம் சட்டத்துக்கு முரணானது, அதைத் திருப்பித் தரவும்' என்று இரண்டு வரி ஜெர்மன் மொழியில் எழுதி, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசாதீர்கள், பேச்சில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய எல்லா மின்னஞ்சல்களையும், குறிப்பாக உத்தரவாதம் தருவதாக எழுதியதை, அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் பணம் வராவிட்டால் அந்தத் தாள்களோடு உங்கள் மாநில நுகர்வோர் ஆலோசனை மையத்துக்குப் போங்கள்.