‘ஸ்டெபிலைஸ்’ என்னும் வினைச்சொல்: கேள்வி பதில்

கேள்வி (பெரம்பூர் வாசகி): ஐயா, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் என் மாமனாரைப் பற்றி மருத்துவர், ‘ஹி ஹேஸ் ஸ்டெபிலைஸ்டு’ என்றார். குணமாகிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம், அம்மா. ஏறியும் இறங்கியும் அலைக்கழித்த இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, மூச்சு ஆகியவை ஒரு நிலைக்கு வந்து, மேலும் மோசமாகாமல் நிற்கின்றன என்பதே அதன் பொருள். நோய் தணிந்ததா என்பதைப் பற்றி அச்சொல் எதுவும் கூறுவதில்லை; அதனால்தான் ‘கிரிட்டிகல் பட் ஸ்டேபிள்’, அதாவது கவலைக்கிடமாக இருந்தாலும் நிலைமை மாறாமல் இருக்கிறது என்ற தொடர் மருத்துவ அறிக்கைகளில் முரணின்றி வருகிறது. குணமடைவதற்கு ‘ரெகவர்’ என்ற சொல் தனியாக இருக்கிறது. வென்டிலேட்டரின் துணையோடு நிலையாக இருப்பவருக்கும் ‘ஸ்டேபிள்’ என்பது பொருந்தும் என்பதால், எந்த மருந்தின், எந்தக் கருவியின் உதவியோடு அவர் நிலையாக இருக்கிறார் என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். அவர் விரைவில் நலம் பெற வேண்டும்.

கேள்வி (கோயம்பேடு வியாபாரி): தக்காளி விலை ஸ்டெபிலைஸ் ஆகிவிட்டது என்றால், இறங்கிவிட்டது என்று அர்த்தமா?

பதில்: இறங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. கிலோ 30 ரூபாயிலிருந்து 80 ரூபாய்க்கு ஏறிய விலை சில நாள்களாக அங்கேயே நின்றாலும் இச்சொல் பொருந்தும். எந்த அளவில் நின்றது என்பதை ‘அட்’ என்ற சொல்லை அடுத்து வரும் எண்ணே தெரிவிக்கும்: ‘பிரைசஸ் ஸ்டெபிலைஸ்டு அட் எய்ட்டி ருபீஸ்’.

கேள்வி (குரோம்பேட்டை மாணவர்): இது செயப்படுபொருள் குன்றிய வினையா, குன்றா வினையா?

பதில்: இரண்டுமாக வரும், தம்பி. தமிழில் ‘நிலைபெற்றது’, ‘நிலைப்படுத்தியது’ என்று வினையே வேறுபட்டு, தானாக நடந்ததா, ஒருவர் நடத்தியதா என்பதைக் காட்டிவிடுகிறது; ஆங்கிலத்திலோ வடிவம் மாறாது என்பதால், வினைக்குப் பின் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வீட்டில் ஏசிக்கு அருகே மாட்டியிருக்கும் ஸ்டெபிலைசர், கூடிக் குறையும் மின்னழுத்தத்தை 230 வோல்ட்டுக்கு அருகில் நிறுத்துவதால், குன்றா வினையின் பொருளிலேயே அப்பெயரைப் பெற்றது. ‘தி பேஷன்ட் ஸ்டேபிள்டு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ‘ஸ்டேபிள்’ வினையாக வரும்போது குதிரையை லாயத்தில் கட்டுவதைக் குறிக்கும்.

கேள்வி (அதே மாணவர்): ‘ஸ்டெடி’ என்பதையும் வினையாக எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதலாம். ஆடும் ஏணியைப் பிடித்து நிறுத்துவதற்கும், நடுங்கும் கையை நிதானப்படுத்துவதற்கும் அதுவே இயல்பான சொல். பொருளாதாரம், நோய்நிலை போன்றவற்றுக்கு ‘ஸ்டெபிலைஸ்’ பொருத்தமாக இருக்கும்.