மருதாணி வச்சா நரை ஆரஞ்சா மாறுது, கறுப்பே வரலையே!

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு, முன்னாடி வகிடு கிட்ட நரை ஜாஸ்தி. கெமிக்கல் டை போட்டா தலை அரிக்குதுன்னு மருதாணிக்கு மாறினேன். இரும்புச் சட்டியில நெல்லிக்காய் பொடி, டீ டிகாஷன் எல்லாம் போட்டு ராத்திரி பூரா ஊற வச்சேன், காலையில பார்த்தா கலவை கன்னங்கரேல்னு இருந்துச்சு, ஆனா தலைக்கு வச்சு அலசினா நரை மட்டும் பளிச்சுன்னு ஆரஞ்சு. என்ன தப்பு பண்றேன்?

பதில்: நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா. மருதாணியில இருக்குற சாயம் லாசோன், அதோட நிறமே ஆரஞ்சு சிவப்புதான். கறுப்பு முடியில அது பெருசா தெரியாது, நரையில அப்படியே தெரியும். சட்டியில பார்த்த கறுப்பு, நெல்லியிலயும் டீயிலயும் இருக்குற டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் இரும்போட சேர்ந்து வந்தது. அது முடிய கொஞ்சம் மங்கலாக்கும், அவ்ளோதான், நரையை அது கறுப்பாக்கும்னு நம்பி எத்தனை பேர் மாசக்கணக்கா ஏமாந்து போறாங்கன்னு பார்க்கும்போது எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு.

கறுப்பு வேணும்னா அவுரி இலைப் பொடி வேணும், நீலச் சாயம் தர்ற செடி அது, நீலின்னும் சொல்வாங்க. ஆரஞ்சு மேல நீலம் ஏறினாத்தான் கரும்பழுப்போ கறுப்போ வரும், அதனால முதல்ல மருதாணி, அலசிட்டு அப்புறம் அவுரி. நேரா அவுரிய மட்டும் நரையில வச்சா நீலமும் பச்சையுமா போயிடும்.

முன்னாடி நாளே எண்ணெய் போக ஷாம்பு போட்டு அலசிடுங்க, கண்டிஷனர் வேண்டாம். மருதாணிய கொஞ்சம் எலுமிச்சை சாறு, தண்ணி விட்டு ராத்திரியே கரைச்சு வச்சுட்டு காலையில தடவி 2, 3 மணி நேரம் விட்டு வெறும் தண்ணியில அலசுங்க. அவுரிய மட்டும் ராத்திரியே ஊறப் போடவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு, அவ்ளோதான், எலுமிச்சை தயிர் எதுவும் கிட்டயே வரக்கூடாது, புளிப்பு பட்டா நீலம் சரியா வராது. கலக்கி 10, 15 நிமிஷம் விட்டா பச்சைப் பட்டாணி மாதிரி ஒரு வாசனை வரும், மேல் பக்கம் கருநீலமா ஒரு ஏடு படியும், கரண்டியால கிளறினா உள்ள இன்னும் பச்சையா இருக்கும். அந்த நேரத்துலயே எடுத்து தடவிடணும், ஒரு மணி நேரம் கழிச்சு பார்த்துக்கலாம்னு வச்சா சாயம் வீரியம் இழந்துடும். வகிடு வகிடா பிரிச்சு வேர்ல நல்லா அப்பி, தலைய கவர் போட்டு மூடி 1, 2 மணி நேரம் விடுங்க. கையில கண்டிப்பா கிளவுஸ்.

அலசினதும் கண்ணாடியில பார்த்து பயந்துடாதீங்க, பச்சையடிச்ச மாதிரி தெரியும். காத்துபட்டு ஆக்ஸிஜனேற்றம் ஆகி நிறம் முழுசா கறுக்க 2 நாள் ஆகும், அதுவரைக்கும் ஷாம்புவ தொடாதீங்க, தலகாணிக்கு பழைய துணி போட்டுக்குங்க. அடுத்த தடவை வேர்ல மட்டும் வச்சா போதும். மருதாணி அப்படியே நிக்கும், அவுரிதான் நாளாக ஆக வெளுக்கும், அதனால சிவப்பு எட்டிப் பார்த்தா அவுரிய மட்டும் திரும்ப வைங்க.

கேள்வி: ஒரே தடவையில கறுப்பாகுற 'பிளாக் ஹென்னா' வாங்கலாமா?

பதில்: பாக்கெட்டுக்குப் பின்னாடி படிங்க. பிபிடின்னோ, அதோட முழுப் பேரான பாரா பினைலீன்டையமின்னோ (கெமிக்கல் டையில கறுப்பு தர்ற ரசாயனம்) இருந்தா அது நீங்க விட்டு ஓடி வந்த அதே டைதான், பேர் மட்டும் ஹென்னா. தலை அரிச்சுதுன்னு சொல்றவங்களுக்கு இது ரொம்பவே ஆபத்து, முகம் கண்ணெல்லாம் வீங்கிடலாம், ஒரு தடவை ஒத்துக்காம போயிட்டா அப்புறம் பிபிடி இருக்குற எந்த டை போட்டாலும் படுத்தும். சுத்தமான பொடின்னாலும் முழங்கை மடிப்புல கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருங்க. ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவைக் காக்குற ஒரு நொதி பிறவியிலயே கம்மியா இருக்குறது) இருக்குறவங்க மருதாணியே வைக்க வேண்டாம், ரத்தச் சிவப்பணு உடையலாம், முக்கியமா கைக்குழந்தைங்க கிட்ட கொண்டு போகாதீங்க.