60 பேரில் உங்கள் மகன் எத்தனையாவது?

கேள்வி: நாங்கள் மதுரைக்காரர்கள். 24 வருடமாக டெக்சாஸில் இருக்கிறோம். இங்கேயே பிறந்த எங்கள் மகன் கூடைப்பந்து ஸ்காலர்ஷிப்பில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இந்த சீசனில் நன்றாக ஆடினான். ஒரு ஏஜென்டு வந்து, "இந்த வருடமே என்பிஏ டிராஃப்டுக்குப் பெயர் கொடு, எப்படியும் எடுத்துவிடுவார்கள்" என்கிறார். என்பிஏ என்பது இங்குள்ள பெரிய தொழில்முறைக் கூடைப்பந்து லீக்; அதன் டீம்கள் வருடாவருடம் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்டு. இவன் கிளம்பத் தயார். அவன் அப்பாவோ, டிகிரி முடிக்காமல் பேச்சே கிடையாது என்கிறார். ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் யார் பக்கம் நிற்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இப்போதைக்கு யார் பக்கமும் நிற்காதீர்கள், சகோதரி. இருவரும் டிகிரியை வைத்துச் சண்டை போடுகிறார்கள். டிகிரி எங்கேயும் ஓடிப்போகாது. என்பிஏ நட்சத்திரம் ஸ்டெஃபன் கரி மூன்றாம் ஆண்டோடு டேவிட்சன் கல்லூரியை விட்டு 2009 டிராஃப்டுக்குப் போனார். விட்ட பாடங்களை முடித்து டிகிரி வாங்கியது 2022இல். அதற்குள் அவர் கையில் மூன்று சாம்பியன்ஷிப்.

எனக்கு உறுத்துவது அந்த "எப்படியும்" என்ற சொல்தான். டிராஃப்டில் இரண்டு சுற்று, மொத்தம் 60 இடம். முதல் சுற்றில் 30க்குள் வந்தால் முதல் இரண்டு வருடச் சம்பளம் உறுதி. கடைசி ஆளாக, 30ஆவதாக வந்தால்கூட முதல் வருடமே 20 லட்சம் டாலருக்குக் குறையாது. 31ஆவது ஆளிலிருந்து கதை மாறுகிறது. ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும் என்று டீமுக்குக் கட்டாயம் கிடையாது. டூ-வே ஒப்பந்தம் என்று ஒன்று கொடுத்து, பாதி நாள் என்பிஏவின் கீழ்மட்ட லீக்கான ஜி லீக்கில் ஆட வைப்பார்கள். அதுவும் கிடைக்காமல் வெறும் ஜி லீக் ஆட்டக்காரனாக இருந்தால், ஒரு சீசனுக்குச் சம்பளம் 43,000 டாலரை ஒட்டித்தான். டெக்சாஸில் அது என்ன காசு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊரில் ஒரு பையன் ஆட்டத்துக்காகப் படிப்பைப் பாதியில் விட்டால், பெரும்பாலும் ரயில்வேயிலோ வங்கியிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வந்திருக்கும். முழங்கால் போனாலும் மேசை நாற்காலி உண்டு, ஓய்வு பெறும் வயது வரை சம்பளம் உண்டு. டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் பெயர் வாசிப்பதை அப்படி ஒரு அப்பாயின்ட்மென்ட் ஆர்டராக நினைத்துவிடாதீர்கள்.

சிம் புல்லரை உங்கள் மகனுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். கனடாவில் பிறந்த பஞ்சாபிப் பையன், 7 அடி 5 அங்குலம். நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் இரண்டு வருடம் ஆடிவிட்டு 2014இல் பெயர் கொடுத்தார். 60 பெயரும் வாசித்து முடித்தார்கள், அவர் பெயர் வரவில்லை. அப்புறம் சாக்ரமென்டோ கிங்ஸ் தன் கீழ்மட்ட அணியில் வைத்திருந்து, 2015 ஏப்ரலில் மேலே கூப்பிட்டது. இந்திய வம்சாவளியில் என்பிஏ ஆடிய முதல் ஆள் என்ற பெயர் நிலைத்தது. ஆடியது மொத்தம் 3 ஆட்டம், அதுவும் சில நிமிடங்கள். இன்னும் இரண்டு வருடம் கல்லூரியில் இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா? யார் கண்டது. ஆனால் அவரிடமும் யாரோ ஒருவர் "எப்படியும்" என்று சொல்லியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, என்ன செய்வது? பெயர் கொடுக்கட்டும். ஆமாம், கொடுக்கட்டும். அவன் அப்பா இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுவதற்கு முன் மீதியையும் சொல்லிவிடுகிறேன். டிராஃப்டு ஜூன் கடைசியில். அதற்கு 60 நாள் முன்னால் பெயர் கொடுக்க வேண்டும். மே மாதம் சிகாகோவில் ஆட்டக்காரர்களைச் சோதித்துப் பார்க்கும் முகாம் நடக்கும், அழைப்பு வந்தவர்கள் மட்டும் போகலாம். ஷூவைக் கழற்றிவிட்டு உயரம் அளப்பார்கள். கல்லூரிப் பட்டியலில் 6 அடி 7 என்று இருந்த பையன் அங்கே 6 அடி 5 ஆவது வருடாவருடம் நடக்கிற வேடிக்கை. முகாம் முடிந்த பத்து நாளுக்குள், மே கடைசி வாக்கில், பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டால் கல்லூரி இடம் பத்திரம். அந்தத் தேதியைத் தவறவிட்டால் கல்லூரிக் கதவு சாத்திக்கொண்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலண்டரில் பெரிதாக வட்டம் போட்டு வையுங்கள்.

இதற்கிடையில், டீம் அதிகாரிகள் அடங்கிய என்பிஏ ஆலோசனைக் குழு ஒன்று, பையன் எந்த இடத்தில் போவான் என்று தன் கணிப்பைச் சொல்லும். அதைக் கேட்டு வாங்குங்கள். முகாம் அழைப்பு வந்ததா, எத்தனை டீம் தனியாகக் கூப்பிட்டு ஆட வைத்துப் பார்த்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 'முதல் சுற்று' என்று பதில் வந்தால், அப்பா வழிவிடத்தான் வேண்டும். 'இரண்டாம் சுற்று, இல்லாவிட்டால் அதுவும் இல்லை' என்றால் பையன் திரும்பி வர வேண்டும்.

திரும்புவதில் முன்பு போல நஷ்டமும் இல்லை. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் விளம்பரத்தில் நடித்துக் காசு வாங்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேராகக் கொடுக்கலாம், முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை. அதில் பெரும்பங்கை அமெரிக்கன் ஃபுட்பால் விழுங்கிவிடும், அடுத்த பங்கு கூடைப்பந்துக்கு. பெரிய கல்லூரியில் நன்றாக ஆடுகிற மூன்றாம் ஆண்டுப் பையன் ஜி லீக் சம்பளத்தைப் போலப் பல மடங்கு வாங்குகிறான். 'வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்கத்தான் போகிறேன்' என்று உங்கள் மகன் சொன்னால், இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்.

அந்த ஏஜென்டைப் பற்றி ஒரு விஷயம். என்பிஏ ஆட்டக்காரர் சங்கத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். பதிவு பெற்றவர் என்பிஏ ஒப்பந்தத்தில் 4 சதவீதத்துக்கு மேல் கமிஷன் வாங்க முடியாது. கையெழுத்துப் போடுவதற்கு முன் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தில் காகிதத்தைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும் உரிமையே சிக்கலாகிவிடும். அப்புறம் அவரிடம் நீங்களே, பையன் பக்கத்தில் இருக்கும்போது, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த டீம், எத்தனையாவது இடத்தில்?" தலையைச் சொறிந்தால் அதுவும் பதில்தான்.

மே மாதம் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.