பதில்: கார்சியா எண்ணிக்கையை பிரேடியோடு ஒப்பிடலாமா?

நண்பரே, அரீனா கால்பந்து (உள்ளரங்கில் ஆடும் அமெரிக்கக் கால்பந்து) வீரர் ஏரன் கார்சியாவின் 1,336 டச்டவுன் பாஸ்களை, அதாவது புள்ளி பெற்றுத் தந்த எறிதல்களைக் காட்டி, வழக்கமான அமெரிக்கக் கால்பந்தான என்எஃப்எல்-இல் 649 எறிந்த டாம் பிரேடியைவிட அவர் பெரியவர் என்று உங்கள் நண்பர் வாதிடுவதாக எழுதியிருந்தீர்கள். எண் சரிதான், ஒப்பீடுதான் தப்பு. அரீனா கால்பந்தின் மைதானம் 50 கெஜம், அதாவது வழக்கத்தில் பாதி. அணிக்கு எட்டுப் பேர். பந்தை எதிரணிக்குத் தொலைவாக உதைத்துக் கொடுக்கும் பன்ட் உதை கிடையாது. பந்தைப் பிடிக்க ஓடுபவர்களில் ஒருவர், ஒவ்வொரு முறையும் பந்து ஆட்டத்துக்கு வருமுன்பே முன்னோக்கி ஓடலாம். புள்ளிகள் மழையாய்க் கொட்டும்: கார்சியா ஜாக்சன்வில் அணிக்காக ஆடி வென்ற 2011 இறுதியாட்டமே 73-70!

அதற்காக மனிதரைக் குறைத்துச் சொல்லவில்லை. கனெக்டிகட், நியூயார்க், ஜாக்சன்வில் என ஊர் ஊராய்ப் பெட்டி தூக்கியவர். நண்பரிடம் அதைச் சொல்லுங்கள், வாதம் கொஞ்சம் தணியும்.