பட்டியலில் ஏறாத பிஸ்டல்: வாசகர் கேள்வி - பதில்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி விற்பனைக்கு மாநிலங்கள் போடும் கட்டுப்பாடுகள், அவற்றை எதிர்க்கும் வழக்குகள், துப்பாக்கி இறக்குமதி விதிகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: க்ளாக் 19 வாங்கப் போனேன். மூன்றாம் தலைமுறை மாடலைத்தான் விற்க முடியும், ஐந்தாம் தலைமுறை கிடையாது என்கிறார் கடைக்காரர். பழையதைவிடப் புதியது எப்படி ஆபத்தானதாகும்? (கலிஃபோர்னியா, ஃப்ரீமாண்ட் வாசகர்)

ஆபத்தானது என்று யாரும் சொல்லவில்லை. பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

கலிஃபோர்னியாவின் 'பாதுகாப்பற்ற கைத்துப்பாக்கிச் சட்டம்' 1999இல் நிறைவேறி 2001 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. மாநில அட்டர்னி ஜெனரலின் துறை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஏறாத மாடலை டீலர் பொதுமக்களுக்குப் புதிதாக விற்கக் கூடாது. முதலில் கேட்டது நியாயமான பரீட்சைதான். ஒரே மாடலில் மூன்று துப்பாக்கிகள், ஒவ்வொன்றிலும் 600 தோட்டா. முதல் 20 சிக்காமல் போக வேண்டும். 600 முடிவதற்குள் ஆறு தடவைக்கு மேல் சிக்கக் கூடாது, எந்தப் பாகமும் விரிசல் விடக் கூடாது. அடுத்தது கீழே போடும் சோதனை. மருந்தும் குண்டும் இல்லாமல் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மட்டும் உள்ள கேஸை (தோட்டாவின் உலோகக் கூடு) சேம்பரில் (சுடும் முன் தோட்டா அமரும் அறை) வைத்து, ஒரு மீட்டரும் ஒரு சென்டிமீட்டரும் உயரத்திலிருந்து கான்கிரீட் மேல் ஆறு விதமாக விழ விடுவார்கள். பிரைமர் வெடித்தால் அந்த மாடல் தோற்றது.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. 2007இலிருந்து புதிய சென்டர்ஃபயர் (பிரைமர் கேஸின் அடி மையத்தில் இருக்கும் வகை) செமி ஆட்டோமேட்டிக் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும்) பிஸ்டல் எதுவானாலும் இரண்டு அமைப்புகள் வேண்டும். ஒன்று, சேம்பரில் தோட்டா இருப்பதைக் காட்டும் அடையாளம். கையேட்டைப் படிக்காதவரும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும்படி எழுத்தோ படமோ அதில் இருக்க வேண்டும். இன்னொன்று, மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டி) கழற்றிவிட்டால் விசையை அழுத்தினாலும் சுடாதபடி தடுக்கும் அமைப்பு. மூன்றாவது நிபந்தனை மைக்ரோஸ்டாம்பிங். ஃபயரிங் பின் (பிரைமரைத் தட்டும் ஊசி) முனையில் பொறித்த நுண்ணெழுத்துகள் ஒவ்வொரு முறை சுடும்போதும் தோட்டாவின் கேஸில் பதிய வேண்டும், துப்பாக்கியின் தயாரிப்பு, மாடல், வரிசை எண் அதில் தெரிய வேண்டும். 2007இல் போட்ட இந்தச் சட்டம் 2013 மே 17 அன்றுதான் உயிர் பெற்றது. தொழில்நுட்பத்துக்குக் காப்புரிமைத் தடை ஏதும் இல்லை என்று மாநிலம் அன்று சான்றளித்தது. அந்த வசதியோடு கடைக்கு வந்த பிஸ்டல் ஒன்றுகூட இல்லாததால் பட்டியலின் கதவு அன்றோடு மூடிக்கொண்டது.

முன்பே ஏறிய மாடல்களுக்கு இந்த மூன்றும் வேண்டாம். பஸ்ஸில் முதலில் ஏறியவர் "இடமில்லை, கதவைச் சாத்து" என்பது போலத்தான். ஆண்டுக் கட்டணம் கட்டி, வடிவமைப்பை மாற்றாமல் வைத்திருந்தால் இடம் நிலைக்கும். மூன்றாம் தலைமுறை க்ளாக் அப்படி உட்கார்ந்திருந்தது. பிடியையும் உட்பாகங்களையும் மேம்படுத்திய ஐந்தாம் தலைமுறை, சட்டத்தின் கண்ணில் புது மாடல்.

அந்த இடமும் நிலையில்லை. எளிதில் மெஷின் கன்னாக மாற்றக்கூடிய பிஸ்டல்களை 2026 ஜூலை 1 முதல் டீலர்கள் விற்கக் கூடாது என்ற சட்டம் 2025 அக்டோபரில் கையெழுத்தானது. சிலுவை வடிவ டிரிகர் பார் (விசையின் அசைவைக் கடத்தும் பட்டை) உள்ளவையே அதன் குறி. மூன்றாம் தலைமுறை க்ளாக்கிலும் இருப்பது அதே பார்.

கேள்வி: இந்தச் சட்டத்தைக் கோர்ட் ரத்து செய்துவிட்டதாக 2023இல் படித்தேன். பிறகும் ஏன் அமலில் இருக்கிறது? (சாக்ரமென்டோ வாசகர்)

ரத்து செய்யவில்லை. வழக்கு முடியும்வரை அமல்படுத்தாதே என்று இடைக்காலத் தடை போட்டார்கள். இரண்டும் வேறு.

2018இல் கலிஃபோர்னியாவும் அடங்கிய ஒன்பதாவது சர்க்யூட் ஃபெடரல் அப்பீல் நீதிமன்றம் 'பேன்யா எதிர் லிண்ட்லி' வழக்கில் இதே சட்டத்தை ஏற்றுக்கொண்டது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் 'ப்ரூயென்' தீர்ப்பு வந்ததும் அளவுகோலே மாறியது. பொதுநலனையும் உரிமையையும் தராசில் வைக்கும் வேலை போயிற்று. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்தின் வாசகம் ஒரு செயலைத் தொட்டால், அதைக் கட்டுப்படுத்தும் மரபு அந்நாட்டு வரலாற்றில் இருந்ததென்று அரசுதான் காட்ட வேண்டும்.

கலிஃபோர்னியா கொண்டுவந்து வைத்த முன்னுதாரணங்களில் முக்கியமானது 1805ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் சட்டம். துப்பாக்கிக் குழாய் வெடிக்காமல் தாங்குகிறதா என்று மருந்து நிரப்பிச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்திய பிறகே விற்கலாம் என்றது அது. 'போலண்ட் எதிர் பான்டா' வழக்கில் ஃபெடரல் நீதிபதி கார்மக் கார்னி 2023 மார்ச் 20 அன்று இதை ஏற்காமல் அந்த இடைக்காலத் தடையைப் போட்டார். அந்தக் காலச் சட்டம் துப்பாக்கி சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்தது, புதுப் பாகம் சேர்க்கச் சொல்லவில்லை என்பது அவர் வாதம். வழக்கின் உயிர்நாடி இதுதான் என்பது என் கருத்து: அரசு துப்பாக்கியைச் சோதிக்கலாம், ஆனால் அதன் வடிவமைப்பையும் எழுதலாமா? மூன்று அமைப்புகளும் ஒருங்கே உள்ள கைத்துப்பாக்கி உலகில் எங்கும் விற்பனையில் இல்லை என்பதும் அவர் முன் நிரூபணமானது. பதினோரு நாள் கழித்து சான் டியேகோவில் நீதிபதி டேனா சப்ரா, 'ரென்னா' வழக்கில் அதே திசையில் தீர்ப்பளித்தார். ஒரு புதிய மாடல் ஏறினால் மூன்று பழையவை இறங்க வேண்டும் என்ற 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் அவர் தடுத்தார்.

மாநிலம் அப்பீலுக்குப் போனபோது சாமர்த்தியமாக நடந்துகொண்டது. சேம்பர் அடையாளம், மேகசின் தடுப்பு இரண்டுக்கும் மட்டும் 'ஸ்டே' (கீழ்க் கோர்ட்டின் தடையுத்தரவை அப்பீல் முடியும்வரை நிறுத்தி வைப்பது) கேட்டு வாங்கியது, மைக்ரோஸ்டாம்பிங்கை விட்டுக்கொடுத்தது. அதனால்தான் 2013க்குப் பிறகு முதன்முறையாக, அந்த இரண்டும் பொருத்திய புது மாடல்கள் சில 2023இலிருந்து ஏறத் தொடங்கின. மைக்ரோஸ்டாம்பிங்கை 2028இல் வேறு வழியில் கொண்டுவரும் சட்டத்தையும் அதே ஆண்டில் மாநிலம் நிறைவேற்றிக்கொண்டது. தடையுத்தரவுச் செய்தியைப் படிக்கும்போது "எந்தப் பிரிவு, ஸ்டே உண்டா" என்ற இரண்டையும் முதலில் தேடுங்கள். தலைப்பில் அது வராது.

கேள்வி: செய்யவே முடியாததைச் செய் என்று சட்டம் சொல்லலாமா?

கலிஃபோர்னியா சிவில் சட்டத்தின் 3531ஆம் பிரிவு "சட்டம் இயலாததைக் கோராது" என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு துப்பாக்கித் தொழில் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. 2018 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் கையை விரித்தது: அந்தப் பிரிவு சட்டத்துக்குப் பொருள் கொள்ள உதவும் விதி, சட்டத்தையே செல்லாததாக்கும் ஆயுதம் அல்ல. ஒருவருக்கு விதிவிலக்கு தர அது உதவலாம், மைக்ரோஸ்டாம்பிங்கைத் தூக்கியெறிய உதவாது.

கேள்வி: வால்தர் பி.பி.கே. பிஸ்டலை ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி செய்ய முடியாது, பி.பி.கே./எஸ் மட்டும் முடியும் என்கிறார்களே? (ஹூஸ்டன் வாசகர்)

1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, விளையாட்டுக்கு ஏற்றது என்று ஏ.டி.எஃப். (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஃபெடரல் அமைப்பு) ஒப்புக்கொள்ளும் துப்பாக்கிதான் வணிக இறக்குமதியில் நாட்டுக்குள் வரலாம். கைத்துப்பாக்கிக்கு அதை மார்க் போட்டே முடிவு செய்கிறார்கள். படிவம் 4590. பாஸ் மார்க் பிஸ்டலுக்கு 75, ரிவால்வருக்கு 45.

மார்க்குக்கு முன் வாசற்படி ஒன்று உண்டு. கையால் இயக்கும் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) வேண்டும். நீளம் குறைந்தது 6 அங்குலம், உயரம் 4, இரண்டும் கூட்டி 10. பி.பி.கே.யின் உயரம் 3.8 அங்குலம். படியிலேயே தடுக்கி விழுந்தது. வால்தர் என்ன செய்தது? பி.பி.கே.யின் மேற்பகுதியை, சற்று உயரமான பி.பி. சட்டகத்தின் மேல் மாட்டி பி.பி.கே./எஸ் என்றது.

மார்க் எப்படிக் கூடுகிறது என்று ஒரு கற்பனைப் பிஸ்டலில் பாருங்கள். .380 காலிபர், சரியாக 6 அங்குலம், உறுதியான இலகு உலோகச் சட்டகம், 18 அவுன்ஸ். நீளத்துக்கு 0 (6க்கு மேல் ஒவ்வொரு கால் அங்குலத்துக்கும்தான் 1). சட்டகம் 20. எடை அவுன்ஸுக்கு ஒன்றாக 18. காலிபர் 3. லாக்டு பிரீச் (சுடும் கணத்தில் பூட்டி நிற்கும் பின்பகுதி) 5. சேம்பர் அடையாளம் 5. ஃபயரிங் பின் தடுப்பு 10. டபுள் ஆக்‌ஷன் 10. கூட்டினால் 71, ஃபெயில். டார்கெட் டிரிகருக்கு 2, டார்கெட் கிரிப்புக்கு 5 சேர்த்தால் 78, பாஸ். சில வெளிநாட்டுப் பிஸ்டல்களில் தேவையே இல்லாமல் வரிப்பள்ளம் வைத்த விசையும் திருகிச் சரிசெய்யும் சைட்டும் இருப்பதன் ரகசியம் இதுதான். இதே பொருளை அமெரிக்காவிலேயே தயாரித்தால் மார்க் தேவையில்லை. சிறிய .380 க்ளாக் 42 ஆஸ்திரியாவில் இல்லாமல் ஜார்ஜியா மாநிலத்தில் தயாராவதும் இதனால்தான்.

கோர்ட்டில் இதை உடைப்பது கடினமாகவே இருந்திருக்கிறது. 1989இல் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் இறக்குமதியை ஏ.டி.எஃப். நிறுத்தி வைத்ததை எதிர்த்த அலபாமா இறக்குமதி நிறுவனம், கீழ்க் கோர்ட்டில் ஜெயித்து அதே ஆண்டு பதினோராவது சர்க்யூட்டில் தோற்றது. அந்த வழக்குகளில் கேள்வி பெரும்பாலும் 'ஏ.டி.எஃப். தன் அதிகாரத்தை ஒழுங்காகப் பயன்படுத்தியதா' என்பதாகவே இருந்தது.

கேள்வி: டெக்சஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் குடிபோகிறோம். என்னிடம் பட்டியலில் இல்லாத பிஸ்டல் இருக்கிறது. எச்1பி விசாவில் இருக்கும் நண்பரும் ஒன்று வாங்கலாம் என்கிறார்.

உங்களுடையதைக் கொண்டுவரலாம். சட்டம் தடுப்பது விற்பனையையும் விற்பனைக்காகக் கொண்டுவருவதையும்தான். வந்து 60 நாளுக்குள் மாநிலத்திடம் பதிவு செய்துவிடுங்கள். 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை மட்டும் எல்லைக்கு அப்பால் விட்டுவிட்டு வாருங்கள். பலர் மாட்டிக்கொள்வது துப்பாக்கியால் அல்ல, பெட்டிக்குள் மறந்த மேகசினால். பட்டியலில் இல்லாததைத் தனியாரிடமிருந்து வாங்கவும் வழி உண்டு: இருவரும் டீலர் கடைக்குப் போய், அவர் மூலமாகவே கைமாற்ற வேண்டும். 30 கேள்விகளில் 23 சரியாக எழுதி வாங்கும் பாதுகாப்புச் சான்றிதழும் 10 நாள் காத்திருப்பும் அதற்கும் உண்டு.

நண்பர் விஷயத்தில் நிதானம். குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை லைசென்ஸ் சில விதிவிலக்குகளில் ஒன்று. ஆனால் லைசென்ஸ் காலாவதியான நாளில் விதிவிலக்கும் போய்விடும், துப்பாக்கி அலமாரியில் இருந்துகொண்டே இருக்கும். கிரீன் கார்டு வந்த பின் வாங்குவதே நல்லது.

கேள்வி: மாதத்துக்கு ஒரு துப்பாக்கிதான் வாங்கலாம் என்ற விதி இருக்கிறதா?

கலிஃபோர்னியாவின் 30 நாள் விதியை 'நுயென் எதிர் பான்டா' வழக்கில் ஒன்பதாவது சர்க்யூட் 2025 ஜூன் 20 அன்று செல்லாது என்றது. 10 நாள் காத்திருப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; ஒரே நாளில் இரண்டு வாங்கினாலும் கையில் வாங்க 10 நாள் ஆகும்.