மருந்துக்கு முன்னால் கோழியைக் கையில் எடுங்கள்: கேள்வி பதில்

வீட்டுக் கொல்லையில் நாலைந்து கோழி வளர்ப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் மருத்துவர் இல்லை, பல வருடமாகக் கோழி வளர்ப்பவள். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

அக்கா, காலையிலிருந்து ஒரு பெட்டை இறகைச் சிலுப்பிக்கிட்டு மூலையிலயே நிக்குது. தீவனம் தொடல. என்ன மருந்து கொடுக்கலாம்?

மருந்துப் பேச்சு அப்புறம் தம்பி. முதலில் அதைப் பிடித்து மடியில் வையுங்கள். சோர்ந்த கோழியை மற்றவை கொத்தி விரட்டும் என்பதால், அது முடிந்தவரை நோயைக் காட்டிக்கொள்ளாது. நமக்குத் தெரிய வரும்போது பல நாள் ஆகியிருக்கும். நெஞ்செலும்பைத் தடவுங்கள். இருபக்கமும் சதை வற்றிக் கத்தி முனைபோல் உறுத்தினால் நாள்பட்ட தொல்லை: குடற்புழு, செள்ளு, உள்ளே வேறு ஏதாவது. சதை நிறைவாக இருந்தால் திடீரென்று வந்தது. பிறகு கழுத்தடித் தீவனப்பை, அடிவயிறு, பாதம், கடைசியாக வாலுக்குக் கீழே எச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பார்த்து முடித்ததும் ஒரு அட்டைப் பெட்டியில் தனியாக விடுங்கள். கோழியின் உடல் சூடே 41, 42 டிகிரி. அதைக் காப்பாற்றத்தான் இறகைச் சிலுப்பிக்கொண்டு நிற்கிறது. ஒரு ஓரத்தில் மட்டும் விளக்குச் சூடு இருக்கட்டும், அதிகமானால் மறு ஓரத்துக்கு நகர்ந்துகொள்ளும். அடியில் வெள்ளைத் துணி விரியுங்கள். மறுநாள் காலை எச்சத்தின் நிறம் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

தண்ணியே குடிக்கல. வாயைத் திறந்து ஊத்திடட்டுமா?

ஊற்றவே ஊற்றாதீர்கள். கோழியின் அலகைத் திறந்தால் நாக்குக்குப் பின்னாலேயே மூடித் திறக்கிற சின்னத் துளை தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். ஆரம்ப காலத்தில் நல்லது செய்வதாக நினைத்து ஒரு கோழிக்கு ஊசிக்குழலால் சர்ரென்று தண்ணீர் பீய்ச்சினேன். இரண்டு தும்மல் போட்டது, மூக்கில் நுரை வந்தது, என் கையிலேயே போய்விட்டது. நோயில் பிழைத்திருக்க வேண்டிய கோழி அது. அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள், அதுவே நாக்கைச் சப்பி விழுங்கும். விழுங்கின பிறகு அடுத்த சொட்டு. அரைமணி ஆனால் ஆகட்டும். பால் வேண்டாம், கோழிக்குச் செரிக்காது.

கொண்டை வெளுத்துப்போச்சு, முட்டையும் நின்னுடுச்சு. உடம்பு முழுக்கத் தேடிட்டேன், ஒரு பூச்சிகூட இல்ல.

பகலில் தேடியிருப்பீர்கள். செந்நிறச் செள்ளு பகலில் கட்டை இடுக்கில் ஒளிந்திருந்து, இருட்டினதும் ஏறி ரத்தம் குடிக்கும். இரவில் டார்ச் எடுத்துப்போய், கோழிகள் அடையும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைக் காகிதத்தால் அழுத்தித் தேயுங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் அதுதான். கோழிக்கு மட்டும் மருந்து போட்டால் போதாது, கூண்டையே காலி செய்து கழுவி மருந்தடிக்க வேண்டும். செள்ளின் முட்டையிலிருந்து புதிதாகப் பொரிப்பவை இருக்கும், ஒரு வாரம் கழித்து மறுபடி அடியுங்கள்.

வாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து பெங்குவின் மாதிரி நிக்குது. முக்குது, ஆனா முட்டை வரல.

முட்டை அடைப்பாக இருக்கும். இடுப்பு மூழ்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் உட்கார வையுங்கள். முதலில் துள்ளும், பிறகு கண்ணைச் செருகித் தூங்கப் பார்க்கும். ஈரம் துடைத்து, கதகதப்பான இருட்டில் விடுங்கள். சுண்ணாம்புச்சத்துக் குறைவு இதற்கு ஒரு பெரிய காரணம், அதனால் கால்சியம் மருந்தும் கொடுக்கலாம். வயிற்றை அமுக்கிப் பிதுக்க வேண்டாம். முட்டை உள்ளே உடைந்தால் ஓடு கிழித்துச் சீழ் பிடிக்கும். ஒரு நாளைத் தாண்டினால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

தீவனப்பை பந்து மாதிரி இருக்கு. நோயா?

மாலையில் அப்படித்தான் இருக்கும். விடிந்ததும், தீவனம் வைக்கும் முன் தொட்டுப் பாருங்கள். காலியாக இருந்தால் நோய் இல்லை. கல்லாக இறுகியிருந்தால் அடைப்பு, தண்ணீர்ப் பைபோல் தளதளவென்று வாயில் புளித்த நாற்றம் வந்தால் உள்ளே பூஞ்சை. தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கிற வித்தை வேண்டாம், அதுவும் மூச்சுக்குழாயில்தான் போய் முடியும்.

மூணு வாரக் குஞ்சுங்க ரத்தமாக் கழியுது. அப்புறம், பெரிய கோழி ஒண்ணு பசை மாதிரி பழுப்பா, நாத்தமா போகுது. ரெண்டும் ஒண்ணா?

இல்லை. பெரிய கோழிக்கு அது பெருங்குடலோரப் பையிலிருந்து வரும் எச்சம். தினமும் சில தடவை அப்படிப் போவது இயல்பு, விட்டுவிடுங்கள். குஞ்சுகளுக்குத்தான் அவசரம். ரத்தக் கழிச்சல் ஈரத் தரையில் பரவும். கூளத்தை முழுக்க மாற்றி உலர்ந்ததைப் போடுங்கள். ஆம்ப்ரோலியம் மருந்தைப் பொட்டலத்தில் உள்ள அளவுப்படி குடிநீரில் கலக்க வேண்டும். அந்த நாட்களில் வைட்டமின் பி1 கலந்த சத்து மருந்து கூடாது, மருந்தின் வேலையை அது கெடுத்துவிடும். ‘பாவம், தெம்பு வரட்டும்’ என்று இரண்டையும் சேர்த்துக் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

மூணு நாள்ல நாலு கோழி செத்துப்போச்சு. பச்சையாக் கழியுது, ஒண்ணுக்குக் கழுத்து முறுக்கிக்கிச்சு.

இதற்கு வீட்டு வைத்தியம் தேடாதீர்கள் அம்மா. வெள்ளைக் கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோயாக இருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இரண்டுமே வைரஸ், இரண்டுக்கும் குணமாக்கும் மருந்து கிடையாது. இன்றைக்கே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். செத்ததை வெறும் கையால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள். மிச்சக் கோழிகளை விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம். கொல்லைக்குப் போகும் செருப்பு வேறு எங்கும் போகக் கூடாது.

முதல்ல கேட்டவன்தான் அக்கா. என் பெட்டை இப்போ நல்லாத் தின்னுது. கூட்டத்துல விட்டுடலாமா?

மகிழ்ச்சி. ஆனால் ஒரு வாரம் பிரிந்திருந்தால் மற்றவைக்கு அது அந்நியக் கோழி. இரண்டு மூன்று நாள் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வைத்து முகம் பழக்குங்கள். பிறகு ஓர் இரவு, எல்லாம் அடைந்த பின் கட்டையில் நடுவே தூக்கி வைத்துவிடுங்கள். விடியும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். நாலு கொத்து விழும், அது வழக்கம்தான். ரத்தம் தெரிந்தால் மட்டும் தூக்கிவிடுங்கள். மருந்து ஏதும் கொடுத்திருந்தால், அதற்குச் சொல்லப்பட்ட நாள் முடியும்வரை அதன் முட்டையைச் சாப்பிட வேண்டாம்.