சிக்னேச்சர் வெரிஃபை பண்ண 40,000 கேக்கறாங்க, கட்டலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் தக்காளி வெவசாயம் பண்றேன். வாட்ஸ்அப் குரூப்புல சொன்னாங்கன்னு ஒரு ஆப் மூலமா பிட்காயின்ல 2 லட்சம் போட்டேன், இப்ப 5 லட்சம்னு காட்டுது. எடுக்கலாம்னு பாத்தா "உங்க சிக்னேச்சர் டேட்டா பழசு, செக்விட்டுக்கு மாத்தணும், 40,000 கட்டுங்க"ங்கறாங்க. நகைய வெச்சு கட்டிடலாமா?

பதில்: அண்ணா, நகைய வெக்காதீங்க, இனி ஒரு ரூபா கூட அனுப்பாதீங்க.

பிட்காயின்ல கையெழுத்த (அதான் சிக்னேச்சர்) வாலட்டே, அதாவது காயின வெச்சிருக்கற ஆப்பே போட்டுரும். பிரைவேட் கீன்னு ஒரு ரகசிய நம்பர் இருக்கும், அத வெச்சு போடறது, நம்பர் வெளிய போகாது, கையெழுத்து மட்டும்தான் போகும். அது சரியா, அதே காச ஏற்கனவே செலவு பண்ணிட்டீங்களான்னு உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டருங்க தானா பாத்துக்கும், அப்பறம் மைனருங்க, அதாவது கணக்கு பதியறவங்க, அத பிளாக்குங்கற கணக்குப் பக்கத்துல சேப்பாங்க, சராசரியா 10 நிமிஷத்துக்கு ஒரு பிளாக். இதுல உங்ககிட்ட ஜிபேல ஃபீஸ் வாங்க ஆபீஸும் கெடையாது ஆபீசரும் கெடையாது.

ஃபீஸ் உண்டுதான், ஆனா அனுப்பற காயின்லயே கழிஞ்சிரும். மண்டில நீங்க 30 பெட்டி எறக்கினா கமிஷன், கூலி எல்லாம் பில்லுலயே புடிச்சிட்டு மீதிய கையில குடுப்பாங்க, "மொதல்ல கமிஷன கட்டு, அப்பறம்தான் காசு"ன்னு எந்த மண்டிக்காரராவது கேட்டிருக்காரா?

செக்விட்னு சொல்லி மெரட்டறாங்க பாருங்க, எனக்கு கோவமே அதுலதான். அது பிட்காயின்ல 2017 ஆகஸ்ட்ல வந்த மாத்தம். அதுக்கு முன்ன கையெழுத்த லேசா மாத்தி எழுதினா கூட டிரான்சாக்ஷன் ஐடியே மாறிடும், அந்த வம்பு வேணாம்னு கையெழுத்த தனியா பிரிச்சாங்க, அதோட ஃபீஸுக்கு அளவு பாக்கறப்ப அந்த கையெழுத்து டேட்டாவுக்கு கால்வாசி எடைதான் போடறாங்க. எடை கொறஞ்சா ஃபீஸும் கொறையும். ஃபீஸ கொறைக்கற ஒரு விஷயத்த சொல்லி 40,000 கேக்கறான் அண்ணா! பழைய அட்ரஸும் இன்னைக்கும் செல்லும், மாத்தியே ஆவணும்னு இல்ல.

"அனுப்பிட்டோம்"னு சொன்னா டிரான்சாக்ஷன் ஐடி கேளுங்க, 64 எழுத்து இருக்கும், பிளாக் எக்ஸ்ப்ளோரர்னு பிட்காயின் கணக்க காட்டற வெப்சைட் இருக்கு, அதுல போட்டா யாரு வேணா பாக்கலாம். குடுக்கலன்னா அந்த 5 லட்சம் ஸ்கிரீன்ல எழுதின வெறும் நம்பர்னு வெச்சுக்கோங்க.

அடுத்து 30% வரி கட்டுன்னு வருவான். அந்த வரி 2022ல இருந்து நெஜமாவே இருக்கு, ஆனா லாபத்துக்கு நாம இன்கம்டாக்ஸுக்கு கட்டறது, ஆப்புக்காரன் அக்கவுண்டுக்கு இல்ல.

பேங்க் ஸ்டேட்மென்ட், சாட் ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் எடுத்து வெச்சிட்டு இன்னைக்கே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க, லேட் பண்ண பண்ண காசு கை மாறிட்டே போகும். வீட்ல அண்ணிகிட்டயும் சொல்லிடுங்க, மறைக்க வேணாம். போன காச மீட்டுத் தரேன்னு இன்னொருத்தன் கூப்புடுவான், அவனும் மொதல்ல ஃபீஸ்தான் கேப்பான், குடுத்துராதீங்க.